கிட்டார் தந்தியை உங்கள் பிள்ளையே மாற்றட்டும்

உங்கள் வீட்டில் ஒரு கிட்டார் இருக்கிறதா? அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், பையோடு சாய்ந்தபடி, சில மாதங்களாக யாரும் தொடாமல் இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையைத் தொடரும் முன் ஒருமுறை எழுந்து போய் அதன் தந்திகளைப் பாருங்கள். தந்தியின் அடிப்பக்கத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். சொரசொரப்பாக இருக்கிறதா? விரலில் கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ ஏதாவது ஒட்டுகிறதா? அப்படி ஒட்டினால், "பிள்ளைக்கு இசை வரவில்லை" என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகள் இசைக் கழகத்துக்கும் பொறுப்பாசிரியராக இருந்தேன். கிட்டாரை விட்டுவிடும் மாணவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். "விரல் ரொம்ப வலிக்குது டீச்சர்." "எவ்வளவு டியூன் பண்ணினாலும் சத்தம் சரியா வரல டீச்சர்." பெற்றோர் இதைக் கேட்டுவிட்டு ஆர்வக்குறைவு என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கோ இவை இரண்டும் இயற்பியல் புகார்களாகத் தோன்றுகின்றன. வலிக்குக் காரணம் இழுவிசையாக இருக்கலாம். சரியாக வராத சத்தத்துக்குக் காரணம் துருவும் அழுக்குமாக இருக்கலாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: தந்தியைத் தேர்ந்தெடுப்பதையும் மாற்றுவதையும் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒரு சாதாரணத் தந்தி செட்டின் விலை, குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிடும் செலவைவிடக் குறைவு. அந்த விலைக்கு அலையும் உலோகக் கலவையும் துருப்பிடித்தலும் ஒரே மேசையில் கிடைக்கும் வேறு ஆய்வுப்பொருளை நான் பார்த்ததில்லை.

நான் செய்த தவறு

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது ஒரு தவறினால்தான். ஆசிரியர் தின நிகழ்ச்சிக்காக என் மாணவன் ஒருவன் பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்துவைத்து, பழைய கிட்டார் ஒன்றை வாங்கியிருந்தான். அது நைலான் தந்தி போட்ட கிட்டார். மண்டபத்தில் சத்தம் போதவில்லை என்றான். எஃகுத் தந்தி போட்டால் சத்தம் எடுக்கும் என்று நான்தான் ஆலோசனை சொன்னேன். நானே வாங்கியும் வந்தேன். தந்திதானே, எதைப் போட்டால் என்ன என்ற நினைப்பு.

சத்தம் எடுத்தது உண்மைதான். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் கழக அறையைத் திறந்தபோது, கிட்டாரின் முகப்பலகையிலிருந்து பிரிட்ஜ் பாதி பெயர்ந்து நின்றது. பலகையின் மெல்லிய மரநார்களையும் சேர்த்துப் பிய்த்திருந்தது. அவன் அழவில்லை. கோபப்படவும் இல்லை. "டீச்சர், நீங்கதானே வகுப்புல இழுவிசை படிச்சுக் கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. வெண்பலகையில் எழுதத் தெரிந்த ஒன்றை, கையில் இருந்த பொருளில் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பழுது பார்க்கும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஒரு தந்தி எவ்வளவு இழுக்கிறது?

தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதிரும் நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கு அதன் எடை. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். ஒரு மீட்டருக்கான எடையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் இந்த விதிகளை எழுதி வைத்தார்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். எஃகுத் தந்தி கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் பொதுவாக 648 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மிக மெல்லிய முதல் தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர வேண்டும். '12 செட்' எனப்படும் தொகுப்பில் அந்தத் தந்தியின் விட்டம் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட எஃகுக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.57 கிராம் எடை இருக்கும். கணக்கிட்டால் இழுவிசை ஏறத்தாழ 105 நியூட்டன் வருகிறது. பத்தரைக் கிலோ அரிசி மூட்டையை அந்த ஒற்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்.

இது ஒரு தந்திக்கு மட்டும். ஆறு தந்திகளையும் சேர்த்தால் 70 கிலோவைத் தாண்டும். ஒரு பெரியவர் இரவும் பகலும் அந்தப் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குவது போல. நைலான் செட்டின் மொத்த இழுவையோ ஏறக்குறைய 40 கிலோதான். என் மாணவனின் கிட்டார் ஏன் பெயர்ந்தது என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

முதல் தேர்வு: எஃகா, நைலானா?

இது விருப்பத்தைப் பொறுத்த தேர்வு அல்ல. உங்கள் கிட்டார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் போட வேண்டும்.

நைலான் தந்தி போடும் கிளாசிக்கல் கிட்டாரின் மூதாதைகள் ஆட்டுக்குடலில் செய்த தந்திகளுக்காக உருவானவை. இரண்டாம் உலகப் போரின்போது குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. அக்காலத்தில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். குடலுக்கும் நைலானுக்கும் இழுவிசை குறைவு என்பதால், அந்த வகைக் கிட்டாரின் முகப்பலகையும் உள்ளிருக்கும் மரத்தாங்கிகளும் மெல்லியவை. எஃகுத் தந்தி கிட்டாரின் பலகைக்கு உள்ளே பெருக்கல் குறி வடிவில் வலுவான தாங்கிகள் குறுக்கே போகும். பெரும்பாலானவற்றின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பியும் இருக்கும்.

எது எது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பிரிட்ஜில் தந்தி முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தால், தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு திறப்புகள் இருந்தால், கழுத்து அகலமாக இருந்தால் அது நைலான் கிட்டார். பிரிட்ஜில் ஆறு சிறு ஆணிகள் வரிசையாகக் குத்தி நின்றால், தலைப்பகுதி திறப்பில்லாத கட்டையாக இருந்தால் அது எஃகுத் தந்திக்கானது. ஐயம் இருந்தால் கிட்டாரையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நைலான் கிட்டாரில் எஃகைப் போடாதீர்கள். சத்தம் போதவில்லை என்றால் ஒலிவாங்கியை அருகில் வையுங்கள். நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

இரண்டாவது தேர்வு: எவ்வளவு தடிமன்?

விரல் வலிக்கும் பிள்ளைகளுக்கு உதவுவது இந்தத் தேர்வுதான். எஃகுத் தந்திகள் 10, 11, 12, 13 என்று முதல் தந்தியின் விட்டத்தை வைத்து விற்கப்படுகின்றன. 12க்கும் 10க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எடை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் 12இலிருந்து 10ஆகக் குறைந்தால் எடை 144இலிருந்து 100ஆகக் குறைகிறது. அதே சுருதிக்கு இழுவிசையும் அதே விகிதத்தில் குறையும். பத்தரைக் கிலோ ஏழரைக் கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத 0.05 மில்லிமீட்டர், விரலுக்கு 30 விழுக்காடு நிம்மதி தருகிறது.

இதற்கு விலையும் உண்டு. மெல்லிய தந்தி முகப்பலகையை மெதுவாகத்தான் அசைக்கும். சத்தமும் கனமும் குறையும். வேகமாக மீட்டினால் தந்தி ஃபிரெட்டில் பட்டு நறநறக்கும். வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, கிட்டாரில் அதுதான் ஃபிரெட். எனினும், தொடங்கும் பிள்ளைக்கு ஓராண்டு விடாமல் பழகுவதுதான் முக்கியம். பலர் '12 போட்டால்தான் விரல் உறுதியாகும்' என்பார்கள். விரல் உறுதியாகும் முன்பே பிள்ளை கிட்டாரை மூலையில் வைத்துவிட்டால் அந்த உறுதியால் யாருக்கு லாபம்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 10இல் தொடங்கி, பிறகு 11க்குப் போகலாம் என்பது என் பரிந்துரை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 12ஆவது ஃபிரெட்டில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அடிக்கோலால் அளந்து பாருங்கள். எஃகுத் தந்தி கிட்டாரில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், எந்தத் தந்தி போட்டாலும் வலிக்கும். அதைப் பழுது பார்ப்பவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது தேர்வு: எந்த உலோகம்?

மெல்லிய இரண்டு தந்திகள் வெறும் எஃகு. மற்ற நான்கிலும் எஃகு நடுக்கம்பியைச் சுற்றி இன்னொரு கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். ஏன் இப்படி? ஆறாவது தந்தி முதல் தந்தியைவிட அதிர்வெண்ணில் நான்கு மடங்கு குறைவு. ஒரே இழுவிசையில் அதை வெறும் எஃகில் செய்தால் விட்டம் நான்கு மடங்காக, ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டராக வேண்டும். அது தந்தியாக இருக்காது. வளையாத குச்சியாக இருக்கும். மெல்லிய நடுக்கம்பிமேல் சுருள் சுற்றினால் எடை கூடும், வளையும் தன்மையும் தங்கும்.

அந்தச் சுருளின் உலோகத்தைத்தான் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். '80/20 பிரான்ஸ்' என்றால் 80 விழுக்காடு செம்பு, 20 விழுக்காடு துத்தநாகம். படிவம் நான்கு வேதியியல் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் இதைக் காட்டுங்கள். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம், மலாயில் கங்சா. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை, லோயாங் என்று தேர்வுக்காக மனனம் செய்திருப்பார்கள். பெட்டியில் பிரான்ஸ், அதாவது வெண்கலம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பித்தளை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 'பாஸ்பர் பிரான்ஸ்' என்பதுதான் உண்மையான வெண்கலம்: செம்பு, வெள்ளீயம், கூடவே மிகச் சிறிதளவு பாஸ்பரஸ்.

80/20 புதிதாக இருக்கும்போது பளிச்சென்று ஒலிக்கும். அந்தப் பளிச்சு சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் வெதுவெதுப்பான ஒலி. சற்றுக் கூடுதல் நாள் தாங்கும். மூன்றாவது, மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசிய தந்தி. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த படலம் இதில் பயன்படுகிறது. விலை இரு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் நம் நாட்டு ஈரக்காற்றில் வியர்வைக் கையோடு வாசிப்பவருக்கு அந்த விலை வீண்போகாது. வாரம் ஒருமுறை மட்டும் எடுத்து வாசிக்கும் பிள்ளைக்கும் பூச்சுத் தந்தி நல்லது. அடிக்கடி வாசித்து அடிக்கடி மாற்றும் பிள்ளைக்குச் சாதாரண பாஸ்பர் பிரான்ஸ் போதும்.

பழைய தந்தி ஏன் ஏமாற்றுகிறது?

ஒரு தந்தியை மீட்டினால் ஓர் அதிர்வெண் மட்டும் எழுவதில்லை. 110 ஹெர்ட்ஸ் தந்தியில் 220, 330, 440 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். புதுத் தந்தியின் பளிச்சு அந்த உயர் மடங்குகளில் இருக்கிறது. வியர்வையும் தோல்துகளும் தூசியும் சுருள்களின் இடுக்கில் அடைந்தால் முதலில் மங்குவது அவைதான்.

அழுக்கும் துருவும் தந்தி முழுக்கச் சமமாகப் படிவதில்லை. ஃபிரெட்டில் அழுந்தி அழுந்தித் தந்தியின் அடியில் பள்ளமும் விழுகிறது. ஒரே தந்தியில் ஓரிடம் கனம், ஓரிடம் மெலிவு. அப்போது மடங்குகள் சரியான மடங்குகளாக இருப்பதில்லை. தந்தியை வெறுமனே மீட்டும்போது கைப்பேசிச் செயலி சரி என்று பச்சை காட்டும்; 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் சுருதி விலகி நிற்கும். பிள்ளை சொன்னது நினைவிருக்கிறதா? எவ்வளவு டியூன் செய்தாலும் சரியாக வரவில்லை. பிள்ளையின் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு அதை விரைவுபடுத்தும். நம் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. உப்பை நம் விரல் கொடுக்கிறது. எனவே வாசிக்கும் முன் கை கழுவுவதும், வாசித்த பின் உலர்ந்த துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைப்பதும் பணம் மிச்சப்படுத்தும் பழக்கங்கள். நாள்தோறும் வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாதாரணத் தந்தியை மாற்றுவது நியாயமான கணக்கு.

மாற்றும் முறை

பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். வேலை பிள்ளையுடையது.

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். இறுக்கமாக இருக்கும் தந்தியை வெட்டாதீர்கள். முறுக்காணியைத் திருப்பி, தந்தி தளர்ந்து தொங்கும்வரை விடுங்கள். பிறகு பிரிட்ஜ் ஆணியை மெதுவாக மேலே எடுங்கள். வரவில்லை என்றால் குறட்டால் பிடுங்காதீர்கள்; ஒலித்துளை வழியாகக் கையை விட்டு உள்ளிருந்து தள்ளுங்கள். தொடங்குபவர்கள் ஒவ்வொரு தந்தியாக மாற்றினால் எது எங்கே என்ற குழப்பம் வராது. ஃபிரெட் பலகையைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினாலும் சிறிது நேரத்தில் கிட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

புதுத் தந்தியின் முனையில் ஒரு சிறு வளையம் இருக்கும். அதைத் துளைக்குள் விட்டு, ஆணியின் பள்ளம் தந்தியைப் பார்க்கும்படி செருகுங்கள். ஆணியை அழுத்திக்கொண்டே தந்தியை மேலே இழுத்தால் வளையம் பலகையின் அடியில் போய்த் தங்கும். இந்த இழுப்பை மறந்தால், முறுக்கும்போது ஆணி துள்ளி வெளியே வரும். மறுமுனையை முறுக்காணித் தண்டின் துளையில் விட்டு, ஐந்து சென்டிமீட்டர் அளவு தளர்வு வைத்து, சுற்றுகள் மேலிருந்து கீழாக இறங்கும்படி முறுக்குங்கள். தடித்த தந்திக்கு இரண்டு மூன்று சுற்று போதும். மெல்லியதற்கு ஓரிரு சுற்று கூடுதலாக வேண்டும்.

சுருதி சேர்த்த பின் தந்தியை விரலால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சில முறை இப்படிச் செய்தால் எஃகு நிலைத்துவிடும். நைலானைப் பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். அது இழுவிசையில் மெதுவாக நீண்டுகொண்டே இருக்கும். சில நாள் தொடர்ந்து சுருதி இறங்கும். அது தந்தியின் குறையல்ல. கடைசியில் மிச்ச முனையை வெட்டி, வெட்டிய துண்டுகளை ஒட்டுநாடாவில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

பழைய தந்தியை உடனே எறிய வேண்டாம். அதன் ஒலியைக் கைப்பேசியில் அலைநிறமாலை காட்டும் செயலியால் மாற்றும் முன்பே படம் பிடித்து, புதியதன் படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உயர் மடங்குகள் எங்கே மறைந்தன என்று பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். பிறகு ஒரு துண்டைப் பள்ளித் தராசில் எடை போட்டு இழுவிசையையும் கணக்கிடலாம்.

சிலரின் தயக்கம்

'தந்தி அறுந்து கண்ணில் பட்டால்?' நியாயமான பயம். அதற்குத்தான் கண்ணாடியும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வதும். 'எஸ்பிஎம் ஆண்டில் இதற்கெல்லாம் நேரமேது?' அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் அலைகள், உலோகக் கலவை, துருப்பிடித்தல் ஆகியவற்றைத் தொட்டுவிட்டு வருவதும் மீள்பார்வைதான். 'தவறாகச் செய்து கெடுத்துவிட்டால்?' ஒரு தந்தி வீணாகலாம். ஏன் வீணானது என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை கவனமாக இருக்கும். ஆசிரியையான நானே ஒரு கிட்டாரைக் கெடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலைகள் பாடம் நடத்தும் வாரத்தில் ஒரு கிட்டாரையும் ஒரு புது செட் தந்தியையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். மாணவர்களே மாற்றட்டும். சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

என் மாணவனின் கிட்டார் இரண்டு வாரத்தில் சரியாகி வந்தது. இம்முறை நைலான். அவனே முடிச்சுப் போட்டுக் கட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முடித்ததும் ஒரு துண்டு ஒட்டுநாடாவில் அன்றைய தேதியை எழுதிப் பையின் உட்புறம் ஒட்டினான். "அடுத்து எப்போ மாத்தணும்னு தெரியும்ல, டீச்சர்" என்றான். அந்தப் பழக்கத்தை நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வார இறுதியில் மூலையில் இருக்கும் அந்தக் கிட்டாரை வெளியே எடுங்கள். பையின் உட்புறம் தேதியைப் பிள்ளையே எழுதட்டும்.